சித்தப்பாவின் சிகரெட்டும் என் காமிக்ஸும்: கண்ணாடி அலமாரியா, டப்பாவா?

சித்தப்பா திண்ணையில்தான் பிடிக்கிறார். புகைக்குத் திண்ணை எது, கூடம் எது? போன மாதம், காமிக்ஸ் வைத்திருந்த கூடத்து அலமாரிக் கண்ணாடியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். துணி டீக்கறை நிறத்தில் வந்தது. மூடியே கிடந்த அலமாரி!

கண்ணாடி அலமாரி பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். நகரும் கதவுகளுக்கு நடுவே எப்போதும் ஒரு சந்து இருக்கும். சிகரெட் புகையின் துகள்கள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை; அந்தச் சந்து அவற்றுக்கு ராஜபாட்டை. ரப்பர் பட்டை ஒட்டிப் பார்த்தேன். புகை குறைந்தது, நிற்கவில்லை.

டப்பா என்றால் மூடியில் ரப்பர் வளையமும் நாலு பக்கமும் கிளிப்பும் உள்ள பிளாஸ்டிக் டப்பா. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை, அதை வாங்கலாம். இதழுக்குப் போடும் உறையில் பிவிசி பிளாஸ்டிக் மட்டும் வேண்டவே வேண்டாம். நாளாவட்டத்தில் பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். டப்பாவின் சிக்கல் ஈரம். மழை நாளில் மூடினால் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். வறண்ட நாளாகப் பார்த்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூட வேண்டும். ஏற்கெனவே புகை நாற்றம் ஏறிய இதழைத் தனியாக வைக்கணும். இல்லாவிட்டால் மற்றதற்கும் பரவும்.

காமிக்ஸும் தபால்தலையும் டப்பாவுக்குப் போய்விட்டன. துடைத்தால் போகிற இரும்புப் பொம்மைக் கார்கள் அலமாரியிலேயே இருக்கின்றன.

"என்னடா, புத்தகத்தை ஊறுகாய் போடுறியா?" என்றார் சித்தப்பா, அடுத்ததைப் பற்றவைத்தபடி.