மாணவிகளுக்கான கட்டட வேலை அறிமுகப் பயிற்சி: அழைத்துச் சென்ற ஆசிரியையின் மதிப்பீடு

யாழ் நகருக்குச் சற்று வெளியே இயங்கும் தொழிற்பயிற்சி நிலையமொன்று, 11ஆம் தர மாணவிகளுக்காக நடத்திய மூன்று நாள் கட்டட வேலை அறிமுகப் பயிற்சிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து 14 பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். தொழில் வழிகாட்டல் ஆசிரியை என்ற முறையில் நான் பார்த்த பெரும்பாலான நிகழ்வுகளில், பிள்ளைகள் மண்டபத்தில் அமர்ந்து உரை கேட்டுவிட்டுச் சிற்றுண்டிப் பொதியுடன் வீடு திரும்புவார்கள். இங்கோ முதல் நாள் காலை பத்து மணிக்கு முன்னரே அவர்களின் கையில் சாந்தகப்பை இருந்தது.

அன்று அத்திவாரத்துக்கு நிலம் குறிக்கப் பழக்கினார்கள். முளை அடித்து நூல் கட்டிய பின், ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரியென்று வயதான மேசன் ஒருவர் காட்டினார். பைதகரஸ் தேற்றத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்து வைத்திருந்த மாணவி ஒருத்தி, நூலைக் கையில் பிடித்தபடியே "மிஸ், இது அதுதானே?" என்று கேட்டாள். கணித பாடத்தில் எப்போதும் பின்வரிசையில் இருப்பவள் அவள். அன்று மாலை வரை நூலை வேறு எவரிடமும் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் சீமெந்து, மணல், சல்லி ஆகியவற்றை 1:2:4 என்ற விகிதத்தில் கலந்து, ஒரு கலவைக்கு அளவான தண்ணீரும் மற்றொன்றுக்கு வேண்டுமென்றே கூடுதலான தண்ணீரும் விட்டு, இரண்டிலும் கனக்குற்றிகள் (வலிமையைச் சோதிப்பதற்கான கனசதுரக் கட்டிகள்) வார்த்தார்கள். கூடுதல் தண்ணீர் கலவையை இலகுவாக இறங்கச் செய்து வலிமையைக் குறைத்துவிடும் என்பதைச் சொல்லால் மட்டும் விளக்காமல், 28 நாள் நீரில் ஊறிய குற்றிகளை உடைத்துப் பார்த்த அளவுகளையும் படங்களையும் பாடசாலைக்கு அனுப்பிவைத்தார்கள். சொன்ன நாளில் அனுப்பியதற்காகவே இந்நிலையத்தை மதிக்கிறேன்.

மூன்றாம் நாள், கட்டடத்துக்கு வேண்டிய பொருள்களின் அளவையும் செலவையும் கணக்கிடும் பெண் கணிய அளவையாளர் ஒருவர் வரைபடத்தை விரித்து, ஓர் அறைச் சுவருக்கு எத்தனை சீமெந்துக் கல் தேவையென்று கணக்கிட வைத்தார். இது நம் பெண்களுக்குப் புதியதன்று. போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்தபோது, தனித்துக் குடும்பத்தைத் தாங்கிய எத்தனையோ தாய்மார் கல்லும் கம்பியும் எண்ணி, மேசனுடன் வாதாடி வீட்டை எழுப்பினார்கள். அந்த அறிவை எவரும் தொழிலாகக் கணக்கிடவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

குறைகளும் உண்டு. பாதுகாப்புக் காலணிகள் அனைத்தும் ஆண்களின் அளவில் இருந்ததால், பிள்ளைகள் இரண்டு சோடி காலுறை அணிந்து தடுமாறினார்கள். மலசலகூடக் கதவுக்கு உட்தாழ்ப்பாள் இல்லை. பெண்களை இத்துறைக்கு அழைக்கும் இடத்தில் இதனைச் சிறு குறையாக நான் கருதமாட்டேன். வேலைவாய்ப்புப் பற்றிய இறுதி அமர்வு மிகவும் மேலோட்டமானது. உயர்தரத்தில் 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவு பற்றியோ, தேசிய தொழிற் தகைமையில் கைவினைச் சான்றிதழிலிருந்து டிப்ளோமா, பட்டம் வரை ஏறிச்செல்லும் 7 மட்டங்கள் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இலங்கையின் முதலாவது பெண் பொறியியலாளரான பிரேமளா சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண், அதுவும் குடிசார் பொறியியலாளர் என்பதை வாகனத்தில் திரும்பும் வழியில் நானே சொல்ல வேண்டியிருந்தது. "சம்பளம் எவ்வளவு வரும், பொழுதுபட்டால் பிள்ளை எப்பிடி வீட்டை வாறது?" என்று அந்த அமர்வில் தாய் ஒருவர் கேட்டதற்கு, "எல்லாம் பழகிவிடும்" என்ற பதில்தான் கிடைத்தது. நியாயமான கேள்விக்கு அது பதிலாகாது.

இவற்றை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்த விடுமுறைக்குள் சிறிய அளவுக் காலணிகளும் தாழ்ப்பாளும் ஆயத்தமாகும் என்று உறுதி தந்துள்ளார்கள். நேரில் போய்ப் பார்த்த பின், அடுத்த தொகுதியில் 20 பிள்ளைகளை அனுப்ப எண்ணியிருக்கிறேன்.