முகம் களையா இருக்கணும், எண்ணெய் வழியக் கூடாது: மூணு விதமா மேக்கப் பேஸ் போட்டுப் பார்த்தேன்

வைகாசில தம்பிக்கு சென்னையில கல்யாணம், முகூர்த்தம் ஏழரைல இருந்து ஒம்பது, நாத்தனார் முடிச்சு போட வேண்டியது நான். அப்படின்னா தாலி கட்டுற நேரத்துல வீடியோ லைட் என் மூஞ்சிக்கு நாலடி தள்ளி இருக்கும், கைல விளக்கு, முன்னாடி ஹோமப் புகை. இதுக்கு முன்னாடி சித்தப்பா பொண்ணு ரிசப்ஷனுக்கு முகம் முழுக்க ட்யூயி ஃபவுண்டேஷன், அதாவது ஈரப்பதமா மினுமினுன்னு தெரியுற வகை, போட்டுட்டுப் போனப்போ, ஒரு மணி நேரம் கூட ஆகல, அத்தை பக்கத்துல வந்து "என்னடி மூஞ்சில எண்ணெய் வழியுது, போய் கழுவிட்டு வா"ன்னு காதுல சொன்னாங்க. ஆல்பம் வந்தப்போ பார்த்தா அத்தை சொன்னது அப்படியே நிஜம். அதனால இந்த தடவை மூணு ஞாயித்துக்கிழமை, மூணு விதமா போட்டுப் பார்த்துட்டுதான் முடிவு பண்ணேன். எனக்கு காம்பினேஷன் ஸ்கின், நெத்தி மூக்கு தாடைல எண்ணெய், கன்னம் நார்மல், நிறம் மாநிறத்தை விட ஒரு படி கூட. கீழ சொல்றதெல்லாம் இந்த மூஞ்சிய வச்சுதான்.

முதல் வழி, ட்யூயி ஃபவுண்டேஷனை முகம் முழுக்க போட்டு விட்டுடுறது. ரெண்டாவது, அடில மினுக்கமே இல்லாத மேட் ஃபவுண்டேஷன், அதை பவுடர் போட்டு செட் பண்ணி மேல மினுக்கத்துக்கு பவுடர் ஹைலைட்டர். மூணாவது, மினுக்கம் குடுக்குற திரவமான லிக்விட் க்ளோவை கன்னத்து மேட்டுல மட்டும் முதல்ல தடவி, அதுக்கு மேல ஃபவுண்டேஷனை ரொம்ப மெல்லிசா ஒத்தி எடுத்து, முகத்தோட நடுப்பகுதிக்கு மட்டும் பவுடர். நான் கடைசில போனது மூணாவதுக்கு, இப்பவும் அதுக்குத்தான் ஓட்டு.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். காலைல பத்து மணிக்கு போட்டுட்டு, ஃபேன் போடாம சமையல், மொட்டை மாடில துணி காயப்போடுறது, ரெண்டு மணிக்கு ஜன்னல் பக்கம் ஒரு போட்டோ, ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ. போட்ட உடனே கண்ணாடில பார்த்து முடிவு பண்றதுல அர்த்தமே இல்ல, ஏன்னா பத்து மணிக்கு மூணுமே அழகாத்தான் இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் முதல்ல சொல்லிடுறேன், இது புரிஞ்சா பாதி பிரச்சனை தீந்துடும். களையும் எண்ணெயும் ரெண்டுமே வெளிச்சம் பட்டு மின்னுறதுதான், வித்தியாசம் எந்த இடத்துல மின்னுதுங்கிறதுலதான் இருக்கு. எண்ணெய் சுரப்பி நெத்தி, மூக்கு, தாடைல நெருக்கமா இருக்கு, கன்னத்தோட வெளிப்பக்கம் அவ்வளவு இல்ல. அதனால கன்னத்து எலும்பு மேல மின்னினா பாக்குறவங்க கண்ணுக்கு வெளிச்சம் விழுந்த மாதிரி தெரியும், மூக்கோட ரெண்டு பக்கமும் புருவத்துக்கு நடுவுலயும் மின்னினா எண்ணெய்னுதான் தெரியும். நடு அடங்கி இருந்து ஓரம் மின்னணும், அவ்வளவுதான் விஷயம்.

இப்போ ட்யூயி. இது நடு, ஓரம்னு பாக்காம எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மினுமினுப்பு குடுக்குது, அதுக்கு மேல நம்ம எண்ணெயும் சேருது. மேபிலின் கம்பெனியோட ஃபிட் மீ ஃபவுண்டேஷன்ல பாருங்க, ட்யூயி ப்ளஸ் ஸ்மூத்தை நார்மல்ல இருந்து டிரை ஸ்கின்னுக்குன்னும், மேட் ப்ளஸ் போர்லெஸ்ஸை நார்மல்ல இருந்து ஆயிலி ஸ்கின்னுக்குன்னும் அவங்களே பிரிச்சுதான் விக்கிறாங்க. என் மூஞ்சில ரெண்டு மணி நேரத்துல மூக்கு ஓரம் விலகி, சிரிக்கிற கோட்டுல போய் சேந்துடுச்சு. ஆனா எங்க சித்திக்கு நல்ல வறண்ட ஸ்கின், அவங்க இதே மாதிரி ஒண்ணு போட்டா சாயங்காலம் வரைக்கும் பாக்க அவ்வளவு நல்லா இருக்கும். டிரை ஸ்கின் பத்தி எனக்கு இருக்குற அனுபவம் சித்தி முகம் ஒண்ணுதான், ஆனா உங்களுக்கும் அப்படின்னா முதல் வழியவே போட்டுப் பாருங்க.

மேட் ப்ளஸ் ஹைலைட்டர்தான் நம்ம ஊர் கல்யாண மேக்கப்ல அதிகமா பாக்குறது. நிக்குறதுல இதை அடிச்சுக்க முடியாது, நாலு மணி நேரம் கழிச்சும் வச்ச இடத்துல அப்படியே இருந்துச்சு. ஆனா பக்கத்துல வந்து பார்த்தா சுவத்துக்கு வெள்ளை அடிச்ச மாதிரி தட்டையா இருக்கு, மேல ஹைலைட்டர் மட்டும் தனியா ஒரு கோடு. பவுடர் ஹைலைட்டர் மின்னுறது மைக்கா துகளால, துகள் பெருசா இருந்தா ஜிகினா மாதிரி தெரியும், சின்னக் குழி எல்லாத்தையும் எடுத்துக் காட்டும். அதுலயும் வெள்ளி கலர்ல இருக்குற ஹைலைட்டர் நம்ம நிறத்துக்கு சாம்பல் பூசின மாதிரி ஆயிடும், தங்கம், செம்பு, பீச் இதெல்லாம்தான் நம்ம தோலோட ஒட்டும். ஃப்ளாஷ் விஷயமும் இருக்கு, சிலிக்கா அதிகமா இருக்குற வெள்ளைப் பவுடரை தாராளமா போட்டா நேர்ல ஒண்ணும் தெரியாது, போட்டோல கண்ணுக்கு கீழ வெள்ளைத் திட்டா வந்து நிக்கும். எனக்கு அந்த ரெண்டாவது ஞாயிறு அப்படித்தான் வந்துச்சு.

சரி, மூணாவது வழி, நான் பண்ணது இப்படி. முகம் கழுவி ஜெல் மாய்ஸ்சரைசர், அது இறங்க அஞ்சு நிமிஷம். அப்புறம் சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து போட்டுட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா விடணும், இந்த நேரத்துல புடவைக்கு ப்ளீட்ஸ் எடுத்து பின் குத்திக்கலாம். நிறைய பேருக்கு எண்ணெய் வழியுற மாதிரி ஆகுறது ஃபவுண்டேஷனால இல்ல, அடில போட்டது இறங்குறதுக்குள்ள மேல மேல போடுறதாலன்னு எனக்கு தோணுது, ஏன்னா நான் செஞ்சதுல பெரிய மாத்தம் இந்த காத்திருப்புதான். ஃபவுண்டேஷன்ல எஸ்பிஎஃப் இருக்கேன்னு சன்ஸ்க்ரீனை விட்டுடாதீங்க, அந்த பாதுகாப்பு கிடைக்கிற அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் அப்ப மாட்டோம். இதெல்லாம் ஆனப்புறம் ஒரு டிஷ்யூவை முகத்துல வச்சு லேசா அழுத்தி எடுத்தா மிச்சம் இருக்குற பிசுபிசுப்பு வந்துடும்.

அடுத்து லிக்விட் க்ளோ, ஒரு கன்னத்துக்கு ஒரு பொட்டு அளவு போதும், கன்னத்து எலும்பு மேல இருந்து நெத்திப் பொட்டு பக்கமா மட்டும். மூக்கு நுனி வேண்டவே வேண்டாம், வெளிநாட்டு வீடியோல எல்லாம் வைப்பாங்க, நம்ம வெக்கைக்கு அது தானா மின்னிடும். அதுக்கு மேல ஃபவுண்டேஷன், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, ஸ்பாஞ்சை நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு நடுவுல இருந்து வெளிய ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. க்ளோ இருக்குற இடத்துக்கு வரும்போது ஸ்பாஞ்சுல மிச்சம் ஒட்டி இருக்குறதே போதும், அப்போதான் அடில இருந்து வெளிச்சம் வர்ற மாதிரி தெரியும். நான் எடுத்தது ட்யூயியும் இல்ல சுத்த மேட்டும் இல்ல, நேச்சுரல் ஃபினிஷ்னு போட்டிருந்தது. தழும்பு இருக்குற இடத்துல மட்டும் கன்சீலர் புள்ளி வச்சேன், முழு மூஞ்சிக்கும் ரெண்டாவது லேயர் போடல.

ஷேட் விஷயத்துல எனக்கு ரொம்ப ஆதங்கம் இருக்கு. நம்ம ஊர்ல இன்னும் ரெண்டு ஷேட் வெளுப்பா போட்டு விடுறாங்க, கேட்டா போட்டோல ப்ரைட்டா வரும்னு சொல்வாங்க. வெளுப்பா போட்டா முதல்ல போறதே களைதான், கழுத்து ஒரு நிறம் மூஞ்சி ஒரு நிறம், நடுவுல சாம்பல். கறுப்புத் தோல்ல வெளிச்சம் பட்டா வர்ற அழகு வேற எதுலயும் வராது, அதை மறைச்சுட்டு மேல மினுக்கம் வாங்கி தடவுறதுல என்ன இருக்கு. தாடை எலும்புல வச்சுப் பார்த்து, கழுத்தோட கரைஞ்சு போற ஷேடை எடுங்க, கடை லைட்டுல பாக்காதீங்க, வாசலுக்கு வந்து பாருங்க.

கடைசியா பவுடர். பஃபை ரெண்டா மடிச்சு, கொஞ்சம் எடுத்து, புறங்கைல தட்டிட்டு மூக்கு ஓரம், புருவ நடு, தாடை, மேல் உதட்டுக்கு மேல, இந்த இடத்துல மட்டும் அழுத்தணும். லேசா மஞ்சள் கலந்த பவுடர்தான் என் நிறத்துக்கு சரியா வந்துச்சு. கன்னம் பக்கம் பஃப் போகவே கூடாது. ஃபவுண்டேஷனுக்கு அடில ப்ரைமர் பூசுறவங்க சிலிக்கான் ப்ரைமர் மேல தண்ணி மாதிரி ஃபவுண்டேஷன் போட்டா ரப்பர் தூள் மாதிரி உருண்டு வர வாய்ப்பு இருக்கு, அதனால புறங்கைல ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு தடவிப் பார்த்துட்டு முகத்துக்கு வாங்க.

இவ்வளவும் சொன்னாலும் நான் மூணாவதை எடுத்தது பத்து மணி அழகுக்காக இல்ல, ரெண்டு மணிக்கு அதை சரி பண்ண முடியுதேங்கிறதுக்காகத்தான். எதைப் போட்டாலும் நாலு மணி நேரத்துல நம்ம காத்துல எண்ணெய் வந்தே தீரும், வேர்வை காயாம அப்படியே நிக்கும். வந்தப்புறம் அதை எடுத்தா பேஸ் என்ன ஆகுதுங்கிறதுதான் கேள்வி. ட்யூயி மேல டிஷ்யூ வச்சு அழுத்தினேன், எண்ணெயோட சேந்து ஃபவுண்டேஷனும் வந்துடுச்சு, மூக்குல ஒரு ஓட்டை, அங்க திரும்ப போட்டா திட்டு. மேட்ல, காலைல போட்ட பவுடர் எண்ணெயக் குடிச்சு உக்காந்திருக்கு, அதுக்கு மேல இன்னும் பவுடர் போட்டா மாவு பிசைஞ்ச மாதிரி கட்டி கட்டியா வருது, மூணாவது டச்சப்புல மூஞ்சியே பாளம். மூணாவது வழியில எண்ணெய் வர்ற இடத்துல இருக்குறது மெல்லிசா ஒரு லேயர், ஒரு துளி பவுடர், அவ்வளவுதான். எண்ணெய உறிஞ்சுற ப்ளாட்டிங் பேப்பரை வச்சு பத்து எண்ணுற வரைக்கும் அழுத்தி எடுத்தா எண்ணெய் மட்டும் பேப்பருக்கு வருது, அடில பேஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கு. கன்னத்துல கைய வைக்க வேண்டிய அவசியமே இல்ல, அங்க வர்ற கொஞ்சம் எண்ணெய் க்ளோவோட சேந்து இன்னும் நல்லாத்தான் தெரியுது. என்னைப் பொறுத்தவரைக்கும் நேரம் ஆக ஆக அழகு கூடினது இது ஒண்ணுதான்.

ப்ளாட்டிங் பேப்பர் இல்லன்னா சாதா டிஷ்யூவை லேயர் பிரிச்சு ஒரே ஒரு லேயரை வச்சு அழுத்துங்க. முதல்ல எண்ணெய எடுக்கணும், தேவைன்னா மட்டும் அப்புறம் பவுடர், வரிசை மாறவே கூடாது. வேர்வைன்னா காட்டன் கைக்குட்டையால ஒத்தி எடுங்க, முந்தானையால துடைக்கிற பழக்கம் இருந்தா அன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க. முகத்துக்கு அடிக்கிற மிஸ்ட் ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம், அதுல நிறைய பிராண்டுல க்ளிசரின் இருக்கும், நம்ம ஈரக் காத்துல அளவு கூடினா பிசுபிசுன்னு ஆயிடும்.

குறை இல்லாம இல்ல. நேரம் எடுக்குது, மொத்தமா நாப்பத்தஞ்சு நிமிஷம், அதுல பாதி காத்திருப்பு. முழு கவரேஜ் கிடைக்காது, தழும்பு கொஞ்சம் தெரியத்தான் செய்யும். நான் காலைல அஞ்சுல இருந்து மதியம் ரெண்டு வரைக்கும்தான் போட்டிருந்தேன், ராத்திரி ரிசப்ஷனுக்கு கழுவிட்டு புதுசா போட்டேன், அதனால முழு நாள் தாங்குமான்னு கேட்டா ஒம்பது மணி நேரத்துக்கு மட்டும்தான் என்னால உறுதி சொல்ல முடியும். பரு வந்து சிவந்திருக்குற முகத்துக்கு மெல்லிசு பேஸ் போதாம போகலாம், அவங்களுக்கு ரெண்டாவது வழியே கை குடுக்கும்.

கல்யாணத்தன்னைக்கு மொத்தம் ரெண்டே தடவைதான் பேப்பர் எடுத்தேன், முடிச்சு போடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒண்ணு, வாசல்ல தாம்பூலப் பை குடுத்துட்டு உள்ள வந்தப்புறம் ஒண்ணு. ரெண்டாவது எடுக்கும்போது தம்பி பொண்டாட்டி பாத்துட்டு, "அண்ணி, எனக்கும் ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா. அவளுக்கு கனமா மேட் பேஸ், ஏற்கனவே ரெண்டு தடவை பவுடர் வச்சு விட்டிருந்தாங்க, அதனால மூக்குல மட்டும் மெதுவா அழுத்தி எடுத்து விட்டுட்டு, பவுடர்காரம்மா திரும்ப பஃபோட வந்தப்போ போதும்னு சொல்லி அனுப்பிட்டேன்.