பலகை இல்லாத மெஸ்ஸும் என் அமாவாசை ராத்திரிகளும்

பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மெஸ் இருக்கிறது. வாசலில் பலகை கிடையாது, வேம்பு ஒன்று உண்டு. வீட்டின் முன்கூடத்தில் நான்கு மேசை போட்டிருக்கிறார்கள். நெருக்கி உட்கார்ந்தால் ஒரு சமயத்தில் பதினாறு பேர். நடத்துவது எழுபதை நெருங்கும் ஓர் ஆச்சி, கூடவே மகனும் மருமகளும். மகனை எல்லோரும் அண்ணாச்சி என்கிறோம், அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட. பதினான்கு மாதமாக அங்கே மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறேன். இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் ஆச்சி, "எழுது, ஆனா எடத்தச் சொல்லிராத. கூட்டம் வந்தா எனக்கு ஏலாது" என்றார். அதனால் தெருப் பெயர் இதில் வராது. சந்தையில் கீரை விற்கிறவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

என் வேலையைச் சொல்லாமல் இந்த மெஸ்ஸின் அருமையைச் சொல்ல முடியாது. நான் மேல்வளிமண்டல ஆராய்ச்சியில் இருக்கிறேன். பூமியின் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலிச் சீமைக்குப் பக்கத்தில் போகிறது. காந்த ஊசியைத் தொங்கவிட்டால் டெல்லியில் நன்றாகத் தலை குனியும், இங்கே கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். 1963ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை விடத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான். பொழுது அடைந்தபின் சுமார் 250 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் மங்கலான சிவப்பில் ஒளிரும். அலைநீளம் 630 நானோமீட்டர். நம் கண்ணுக்கு எட்டாது, முழு வானத்தையும் ஒரே வட்டமாகப் பிடிக்கிற மீன்கண் லென்ஸ் மாட்டிய குளிரூட்டிய கேமராவுக்கு எட்டும். சில இரவுகளில் அந்த ஒளிக்குள் கறுப்புப் பட்டைகள் முளைத்துக் கிழக்கே நகரும். பிளாஸ்மாக் குமிழிகள் என்பது அவற்றைத்தான், மின்னூட்டத் துகள்கள் குறைந்துபோன இடங்கள். ஜிபிஎஸ் சிக்னலைக் கலங்கடிப்பவை. நிலா வந்துவிட்டால் படம் வீண். ஆகவே அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எனக்கு ராத்திரி கிடையாது. வானம் தெளிந்திருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கேட்கவே வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அம்மாவுக்கு, மகள் அமாவாசை தவறாமல் கண்விழிப்பதில் ஒரே பெருமை. விரதம் என்றுதான் பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறாள்.

விரதமாவது ஒன்றாவது. ராத்திரி ஒரு மணிக்குப் பசிக்கும்போது இந்த ஊரில் திறந்திருப்பது பரோட்டாக் கடைதான். கல்லில் தட்டும் சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்கும். சால்னா வாசத்துக்கு எந்த முனைவர் பட்டமும் தாக்குப்பிடிக்காது. மூன்று ஆண்டில் ஏழு கிலோ ஏறினேன். வருடாந்திரப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் வந்தது, எனக்கு அப்போது முப்பத்தெட்டு.

பயந்துபோய், வீட்டுக்கே டயட் சாப்பாடு கொண்டுவரும் ஒரு சேவையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாதம் ஒன்பதாயிரம். கினோவா, சுக்கினி, ஒரு துண்டு பனீர், எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில். டப்பாவுக்கு மேலே கலோரி எண் ஒட்டியிருக்கும். அளக்கிறது என் தொழில் என்பதால் ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். 300 கிராம் என்று எழுதியிருந்தது 240தான் இருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். தினமும் காலையில் செயலியைத் திறந்து பதினெட்டு அயிட்டத்தில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என்னைத் தோற்கடித்தது. ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்தவளுக்குக் காலையில் இன்னொரு திரை. ஆறாவது வாரம் நிறுத்திவிட்டுப் பரோட்டாவுக்கே திரும்பினேன்.

ஆச்சி மெஸ்ஸில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. அன்றைக்கு என்ன பொங்கியிருக்கிறதோ அதுதான். அதுவே எனக்குப் பிடித்துப்போனது. செவ்வாய் என்றால் உளுந்தஞ்சோறு, வியாழன் கூட்டாஞ்சோறு, வெள்ளி சொதி. மற்ற நாள் கீரையோ இடிசாம்பாரோ புளிக்குழம்போ, சந்தையில் என்ன மலிவு என்பதைப் பொறுத்து. மதியம் எண்பது ரூபாய், காலைக் கஞ்சி இருபத்தைந்து. ராத்திரிச் சாப்பாட்டை நம் தூக்குவாளியைக் கொடுத்தால் சாயந்திரம் ஆறு மணிக்குக் கட்டித் தருவார்கள். மாதக் கணக்கில் எனக்கு நாலாயிரத்தைத் தாண்டியதில்லை.

உளுந்தஞ்சோற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை தூக்கம் வராமல் பத்து மணிக்கே போய் அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தொலி உளுந்து, அதாவது தோல் எடுக்காத கறுப்பு உடைத்த உளுந்து. அதை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்கிறார். எப்போது நிறுத்துவது என்று கேட்டேன். "மூக்கு சொல்லும்" என்றார். அரிசி இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு. உரித்த பூண்டு கைநிறைய, வெந்தயம் ஒரு சிட்டிகை, தேங்காய்த் துருவல், உப்பு. அவ்வளவையும் ஒன்றாகப் போட்டு வேகவிட்டால் சாம்பல் நிறத்தில், பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஒரு சோறு. படம் எடுத்துப் போட்டால் ஒருவரும் லைக் போட மாட்டார்கள். ஆனால் எள்ளுத் துவையலைப் பக்கத்தில் வைத்து, நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால், பூண்டு குழைந்து எண்ணெயோடு சேர்கிற இடத்தில் ஒரு வாசம் கிளம்பும். அந்த முதல் வாய்க்குப் பேச்சு நின்றுவிடும். அதற்கு மேல் எனக்கு முக்கியமானது, மதியம் ஒன்றுக்கு அதைச் சாப்பிட்டால் ஏழு மணிவரை பசி எட்டிப்பார்ப்பதில்லை. பருப்பும் தோலின் நாரும் சேர்ந்திருப்பதால் மாவுச்சத்து மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும் என்பது பாடப்புத்தக விளக்கம். "பொம்பளப் பிள்ளைக்கு இடுப்புக்குப் பெலம்" என்பது ஆச்சியின் விளக்கம். இரண்டும் ஒரே தட்டில்.

அரிசி பெரும்பாலும் அம்பை 16. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் 1937ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம், குட்டையும் பருமனுமாக இருக்கும். மெல்லிய பொன்னி கேட்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை. விஞ்ஞானி என்றால் ராக்கெட்டை நினைக்கிறவர்களிடம் நான் இந்தச் சோற்றைத்தான் காட்டுவேன்.

வெள்ளிக்கிழமைச் சொதியை ஆரோக்கிய உணவு என்று எழுதினால் பொய்யாகிவிடும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்துக் குழம்பு அது. தேங்காயின் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எல்லாம் உள்ளே போகும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இஞ்சி இருப்பதால் செரித்துவிடும் என்று ஆச்சி தைரியம் சொல்வார். சரி, வாரத்தில் ஒருநாள். அன்றைக்கு ராத்திரி கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கஞ்சி என்றதும் சொல்கிறேன். கேமராவை மூடிவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறுக்கு வேம்படியில் வண்டியை நிறுத்தலாம். சிறுபயறும் அரிசியும் உள்ளியும் சீரகமும் போட்ட கஞ்சி, தேங்காய்த் துவையல். அதைக் குடித்துவிட்டு நேரே போய்ப் படுத்தால் தலையில் யாரோ போர்வை போர்த்தியது போலத் தூக்கம் வரும். முதல் மாதம் ஆச்சி என்னை "வாங்கம்மா" என்றுதான் கூப்பிட்டார். ஒரு விடிகாலை, "ஏட்டி, கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? ராத்திரி முழுக்க மேல என்னத்தப் பாக்க?" என்றார். அந்த 'ஏட்டி' வந்த நாளைத்தான் நான் உறுப்பினரான நாளாக எண்ணுகிறேன்.

இப்போது குறைகள். மோர் மிளகாயில் உப்பு அநியாயம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே இரண்டு மிளகாய் கடித்தால் அதில் பாதி போயிருக்கும் என்று என் நாக்கு சொல்கிறது. இதை மட்டும் நான் அளந்து பார்க்கவில்லை, பயம்தான். ஞாயிற்றுக்கிழமை அடைப்பு. அதற்கு மேல் குலதெய்வக் கொடை, சடங்கு, கல்யாணம் என்று முன்னறிவிப்பு இல்லாமல் கதவு சாத்தியிருக்கும். ஒரு தை அமாவாசையன்று தூக்குவாளியோடு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி பரோட்டா. அப்புறம், கை கழுவும் இடம் கொல்லையில், மழை பெய்தால் சகதி. போன் வழியாகப் பணம் அனுப்பலாம், ஆனால் அண்ணாச்சி நோட்டில் எழுதினால்தான் கணக்கு. என் பெயருக்கு நேரே 'அமாவாசை' என்று எழுதி வைத்திருக்கிறார்.

ராத்திரி வேலை இல்லாத இரண்டு வாரமும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறேன், ஐம்பது நிமிடம். நடப்பதை விட அங்கே பேசுவதுதான் அதிகம் என்று என் கைக்கடிகாரம் குற்றம் சாட்டுகிறது. ஞாயிறு என்றால் தாமிரபரணியில், குறுக்குத்துறை பக்கம் குளியல். வெள்ளம் வந்தால் முருகன் கோயிலே முங்கிப்போகிற இடம் என்பதால் தண்ணீரைப் பார்த்துத்தான் இறங்குவேன். ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டியதும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, நாலு நாள்தான் போனேன்.

ஊர் சுற்றுவதற்கும் இந்த மெஸ்தான் துணை. முதல்நாளே சொன்னால் கட்டுச்சோறு கிடைக்கும். போன பிப்ரவரியில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போனேன். 1994ல் சரணாலயமாக அறிவித்த ஊர், ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே பறவைகள் வீட்டு மரங்களில் கூடு வைக்கிற ஊர். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குளத்தங்கரையில் உட்கார்ந்து வாழை இலையைப் பிரித்தேன். எதிரே வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன, இமயமலையைத் தாண்டி வந்தவை. நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்ததற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அகமதாபாத் கருத்தரங்குக்குப் போனபோது ஆச்சி கொடுத்துவிட்டது வறுத்துத் திரித்த சிறுபயற்று மாவு, அதோடு ஒரு கருப்பட்டி வட்டு. பருப்பில்கூட இனிப்புப் போடுகிற ஊரில் நாலு நாள் காலை உணவுக்கு அது போதும், வெந்நீர் கிடைத்தால் சரி. விமான நிலையச் சோதனையில் மாவுப் பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். பெயரில்லாத மஞ்சள் தூள், கூடவே கறுப்பாக ஒரு கட்டி. எப்படி விளக்குவது என்று நான் யோசிக்கும்போதே, ஒரு வடநாட்டுக் காவலர் பையைத் திறந்து முகர்ந்தார். "சத்து?" என்றார் சிரித்துக்கொண்டே. அவர்கள் ஊர்க் கடலை மாவுக்கு அதுதான் பெயராம். ஆமாம் என்று தலையாட்டினேன். தமிழிலும் அது பொய்யில்லையே.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஓராண்டில் நாலரை கிலோ இறங்கியது, சர்க்கரைச் சராசரி 5.7. உளுந்தாலா, நடையாலா, பரோட்டா குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஆளை வைத்துச் செய்த ஆய்வு, ஒப்பிட இன்னொரு ஆளும் இல்லை. இப்படி ஒரு கட்டுரை என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மெஸ்ஸுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், பிழை வரம்பு அரை.

போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குள் போய்விடுங்கள், ஒன்றரைக்கு மேல் பானை காலி. ராத்திரிச் சாப்பாடு வேண்டுமென்றால் தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுபோங்கள். கழுவாத வாளியை ஆச்சி எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுவார். மடிக்கணினியில் ஏதாவது படம் இருந்தால் அதையும் காட்டலாம், ஆவலாகப் பார்ப்பார். போன வாரம் என் வானப் படத்தைக் காட்டினேன். வட்டமான சாம்பல் வானம், குறுக்கே கறுப்புப் பட்டை. கண்ணாடியைத் தூக்கி வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, "தோச நடுவுல கிழிஞ்சிருக்கே. கல்லு சரியாக் காயல" என்றார்.