ஈஸ்ட் ஆய்வுக்கு எஸ்ஜிடி: தினமும் பயன்படுத்துகிறவன் சொல்வது

எஸ்ஜிடி என்றால் சாக்கரோமைசிஸ் ஜீனோம் டேட்டாபேஸ். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இருக்கிறதே, அதன் மரபணுக்கள் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் தளம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து நடத்துகிறார்கள். கட்டணமும் இல்லை, உறுப்பினராகச் சேரவும் வேண்டாம். கேலக்டோஸ் என்ற சர்க்கரையை ஈஸ்ட் பயன்படுத்த உதவும் மரபணுக்களோடு மாரடிக்கிற எனக்கு, ஆய்வகத்து ஃப்ரிட்ஜுக்கு அடுத்தபடியாக அதிகம் திறப்பது இதைத்தான்.

கேல்4 என்ற மரபணுவைத் தேடிப் பாருங்கள். பக்கத்தின் மேலேயே சில வரிகளில் சுருக்கம் வந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளை ஆட்கள் உட்கார்ந்து படித்து எழுதியது அது. என் கணக்கில் இந்தத் தளத்தின் உயிரே அதுதான். கேல்4 தருவது மற்ற மரபணுக்களுக்கு ஸ்விட்சைப் போடுகிற புரதம். கேலக்டோஸ் இல்லாதபோது கேல்80 என்ற இன்னொரு புரதம் அதை அமுக்கி வைத்திருக்கும். கேலக்டோஸ் வந்ததும் கேல்3 அந்தப் பிடியைத் தளர்த்தும், கேலக்டோஸைச் செரிக்கும் கேல்1, கேல்7, கேல்10 மரபணுக்கள் எல்லாம் ஓடத் தொடங்கும். குளுக்கோஸ் கூடவே இருந்தால் மிக்1 என்ற புரதம் வந்து மறுபடி அடக்கும். இந்த ஏழு பெயர்களின் பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாலே, புதிதாக வரும் எம்.எஸ்சி. மாணவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பெயர்க் குழப்பத்தையும் நன்றாகவே சமாளிக்கிறார்கள். பல ஆய்வகங்களில் இருக்கும் பிஒய்4741 என்ற ஈஸ்ட் ரகத்தின் குறிப்பில் மெட்15 மரபணு நீக்கப்பட்டது என்று இருக்கும். அதையே மெட்17 என்பார்கள், மெட்25 என்றும் எழுதியிருப்பார்கள். எஸ்ஜிடியில் எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும். கூடவே ஒய்எல்ஆர்303டபிள்யூ என்றொரு பெயரும் இருக்கும். பார்க்கத்தான் பயமாக இருக்கும், அது வெறும் விலாசம்: ஒய் என்றால் ஈஸ்ட், எல் என்றால் 12ஆவது குரோமோசோம், ஆர் என்றால் அதன் வலது கை, குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரிலிருந்து எண்ணினால் 303ஆவது, டபிள்யூ என்பது டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எது என்பதற்கு.

இனி குறை. மரபணுப் பக்கத்தில் ஒழுங்குமுறை (ரெகுலேஷன்) என்ற தாவலை (டேப்) திறந்தால், ஒரு புரதம் எந்தெந்த மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது என்ற பட்டியல் கிடைக்கும். படமும் உண்டு, பார்க்க அழகுதான். ஆனால் ஒரு மரபணுவின் முன்பகுதியில் புரதம் ஒட்டியிருந்தது என்று மட்டும் காட்டிய சோதனையும், அந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் மரபணு வேலை செய்யும் அளவு மாறுகிறது என்று காட்டிய சோதனையும் அதே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். ஒட்டுவது வேறு, கட்டுப்படுத்துவது வேறு. 2000ஆம் ஆண்டு ஒரு குழு கேல்4 ஒட்டும் இடங்களை முழு ஜீனோமிலும் தேடியபோது, வேலை செய்யும் அளவும் மாறுகிறதா என்று சேர்த்துப் பார்த்துத்தான் எம்டிஎச்1, பிசிஎல்10, ஃபர்4 என்ற மூன்று மரபணுக்களையும் கேல்4 கட்டுப்படுத்துபவற்றில் புதிதாகச் சேர்த்தது. ஆதாரம் என்ற நெடுவரிசையைப் படிக்காமல் அந்தப் பட்டியலை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள். வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

இன்னொன்று, தளத்தில் உள்ள அடிப்படை டிஎன்ஏ வரிசையெல்லாம் எஸ்288சி என்ற ரகத்துடையது. 1996இல் முழுதாகப் படிக்கப்பட்ட முதல் மெய்க்கருவுயிர் (செல்லுக்குள் உட்கரு உள்ள உயிர்) இதுதான்: 16 குரோமோசோம், சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்து, ஏறத்தாழ 6,000 மரபணு. பெருமைதான். ஆனால் அந்த ரகத்தில், ஆக்சிஜனுக்கும் ஹீமுக்கும் (இரும்பு கொண்ட ஒரு மூலக்கூறு) ஏற்ப மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் ஹாப்1 மரபணுவுக்குள், இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்து வைத்திருக்கிறது. ஆக்சிஜன், ஹீம் சம்பந்தமாக வேலை செய்பவர்கள் உங்கள் ரகம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற ரகங்களின் வரிசைகளும் அங்கேயே இருக்கின்றன, கொஞ்சம் கீழே போய்த் தேட வேண்டும்.

மதிப்பெண் என்று கேட்டால் ஐந்துக்கு நாலரை. அந்த அரை அந்த ஒழுங்குமுறைத் தாவலுக்காகப் போனது. சரி, இலவசம் எத்தனை நாளைக்கு? அரபிடாப்சிஸ் செடிக்கான டெய்ர் தளம் அரசு நிதி நின்றதும் 2013இல் சந்தாவுக்கு மாறியது. எஸ்ஜிடி ஓடுவதும் அமெரிக்க அரசு நிதியில்தான். கோப்புகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. ஆய்வகக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.