ஆர்தரால் போக முடியாத பாலை: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2

வீடியோ கேமில் கதை பெரிதா, அது நடக்கும் உலகம் பெரிதா என்ற வழக்கில் இரு தரப்பினரும் தங்கள் சாட்சியாக அழைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ராக்ஸ்டார் கேம்ஸ் 2018 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் 2019 நவம்பரில் கணினிக்கும் வெளியிட்ட ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 தான் அது. 2018 ஆம் ஆண்டுக்கான கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த கதையாடலுக்கான விருது இதற்குக் கிடைத்தது; நாயகன் ஆர்தர் மார்கனாக நடித்துக் குரலும் கொடுத்த ராஜர் கிளார்க்கும் அங்கே விருது பெற்றார். ஆயினும் இதை விளையாடியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பாதிப்பேர் கதையை விட்டுவிட்டுக் குதிரையேறி எங்கோ போய்க் கூடாரமடித்த ஒரு மாலையைப் பற்றித்தான் சொல்லத் தொடங்குவார்கள். முதல்முறை கதையை மட்டும் துரத்திக்கொண்டும், இரண்டாம் முறை கதையைக் கிடப்பில் போட்டு ஊர் சுற்றிக்கொண்டும் இதை இருமுறை முடித்திருக்கிறேன். முடிவைத் தொடாமல் இதைப் பற்றி எழுத வழியில்லை; இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆண்டு 1899. ஆர்தர் இருக்கும், டச் வான் டெர் லிண்ட் என்பவரின் கொள்ளைக் கூட்டம் பிளாக்வாட்டர் என்ற ஊரில் ஒரு படகுக் கொள்ளையில் சொதப்பிவிட்டு, பணத்தையும் இறந்தவர்களையும் விட்டுவிட்டுப் பனிமலைக்கு ஓடுகிறது. அந்தக் கொள்ளை நமக்குக் காட்டப்படுவதே இல்லை. ஆறு அத்தியாயங்களும் இரண்டு பகுதிகளாக அமைந்த பின்கதையும் அந்த ஓட்டத்தின் தொடர்ச்சிதான்.

நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கு வாழும் விலங்கும் மரமும் தொழிலும் கருப்பொருள், மனிதரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று வகுத்துப் படித்த மரபில் வந்த நமக்கு, கதையா உலகமா என்ற கேள்வியே சற்று விந்தையாகத்தான் ஒலிக்க வேண்டும். முல்லையும் கார்காலமும் காத்திருக்கும் பெண்ணுக்குப் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலைகள் அல்லவே. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களுக்குத் திணை என்ற சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர்கள் அத்தியாயங்களை நிலத்துக்கு நிலம் நகர்த்தியிருக்கும் விதம் கிட்டத்தட்ட அதே கணக்கில் அமைந்திருக்கிறது. முதல் அத்தியாயத்தின் கைவிடப்பட்ட சுரங்க ஊரான கோல்டரில் முழங்கால் வரை பனி, பசி, இறந்தவருக்கான துக்கம். பனி உருகி ஓடும் ஆற்றோரமாக வண்டிகள் கீழிறங்கி ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் முகாமை அடையும்போது பச்சைப் புல்வெளியும் நம்பிக்கையும் ஒருசேர வருகின்றன. கூட்டத்தினர் மிகுதியாகச் சிரிப்பதும் பாடுவதும் அங்கேதான். மூன்றாவதில் செம்மண் பூமி, புகையிலைத் தோட்டங்கள், பழம்பெருமையை விட முடியாத இரண்டு பண்ணைக் குடும்பங்களின் பகை. நான்காவதில் முதலைகள் கிடக்கும் சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு பாழடைந்த மாளிகை. அதிலிருந்து சற்றுத் தொலைவில் டிராம் வண்டி ஓடும், ஆலைப்புகை படிந்த செயின்ட் டெனிஸ் நகரம். ஆறாவதில் எஞ்சியவர்கள் ஒரு குகை வாயிலில் ஒண்டிக்கிடக்கிறார்கள். வசனங்களை முழுக்க அணைத்துவிட்டு இந்த ஐந்து முகாம்களின் மண்ணை மட்டும் காட்டினாலும், இந்தக் கூட்டம் எங்கிருந்து எங்கே சரிந்தது என்பதைச் சொல்லிவிடலாம்.

நான் வேண்டுமென்றே தாண்டிய ஐந்தாம் அத்தியாயம் இதற்கு எதிர்ச்சான்று. குவார்மா என்ற கரும்புத் தீவில் ஆர்தர் கரையொதுங்குகிறார்; அங்கே நினைத்த பக்கம் குதிரையைத் திருப்ப முடியாது, துப்பாக்கிச் சண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி நிற்கின்றன. உலகத்தை மூடிவிட்டுக் கதையை மட்டும் ஓட்டிய அத்தியாயம் அது. விளையாட்டிலேயே மெலிந்த பகுதியும் அதுதான் என்பது என் கணிப்பு.

அந்த மெலிவு மற்ற இடங்களிலும் எட்டிப் பார்க்கிறது. திறந்த வெளியில் இவ்வளவு விடுதலை தரும் இந்த விளையாட்டு, ஒரு மிஷன், அதாவது கதையை நகர்த்தும் பணி, தொடங்கியதும் பள்ளிக்கூட ஆசிரியரைப் போலப் பிரம்பைத் தூக்கிக்கொள்கிறது. முன்வாசல் வழியாகப் போகச் சொன்ன வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், உடன்வந்தவரைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று அறிவித்து மிஷன் தோற்றதாக முடித்துவிடும். இரண்டு நிமிடங்களுக்கு முன்புவரை ஒரு மானின் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டே மலை ஏறிய அதே ஆர்தருக்கு, இப்போது வரைபடம் காட்டும் மஞ்சள் வழிக்கோட்டிலிருந்து விலக உரிமை இல்லை. நிண்டெண்டோ 2017 இல் வெளியிட்ட பிரெத் ஆஃப் தி வைல்டு, தொடக்க மேட்டுநிலத்தை விட்டு இறங்கியதுமே நேராக இறுதி எதிரியின் கோட்டைக்குள் நுழைந்துபார் என்று விட்டுவிடுகிறது; கதை மெலிந்தாலும் பரவாயில்லை என்று அங்கே முடிவெடுத்திருக்கிறார்கள். இங்கே இரண்டையும் கைவிட மனமின்றி, ஒரே பெட்டியில் இரண்டு விளையாட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

பணத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. இரண்டாம் அத்தியாயத்திலேயே, கதையோடு தொடர்பில்லாத ஒரு புதையல் வரைபடத்தைப் பின்தொடர்ந்தால் இரண்டு தங்கக்கட்டிகள் கிடைக்கும். திருட்டுப்பொருள் வாங்கும் தரகரிடம் கட்டிக்கு 500 டாலர். அப்படிச் சேர்த்ததைக் கொண்டுபோய் முகாமின் உண்டியலில் போட்டாலும், கணக்கேட்டில் பெயர் ஏறுமே தவிர, கதையின் காதில் அது விழாது. அடுத்த காட்சியில் டச் அதே முகத்தோடு வந்து, இன்னும் கொஞ்சம் பணம் மட்டும் சேர்ந்துவிட்டால் போதும், எல்லோரும் எங்காவது போய்விடலாம் என்கிறார். முதல்முறை எரிச்சலாக இருந்தது. இரண்டாம் முறை, பணம் எவ்வளவு சேர்ந்தாலும் இந்த மனிதர் போகமாட்டார் என்பது டச்சின் குணத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஆனால் அது என் உபயம். எழுதியவர்கள் திட்டமிட்டதாகத் தோன்றவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு நடைமுறைச் செய்திகள். கணினியில் இதற்கு 150 ஜிபி வரை இடம் ஒதுக்க வேண்டும். முதல் சில மணி நேரம் பனியில் மெதுவாகவே நகரும். ஆர்தர் ஓர் அலமாரியைத் திறந்து உள்ளிருக்கும் பொருளைக் கையில் எடுத்துப் பையில் வைப்பதை ஒவ்வொரு முறையும் முழுதாகப் பார்த்தாக வேண்டும். குளிரில் குதிரையின் விதைப்பை சுருங்குகிறது என்பது வெளியான காலத்தில் செய்தியாகவே வந்தது. அத்தகைய நுணுக்கம் எனக்கு வேடிக்கையாக மட்டுமே பட்டது. சுட்டுப்போட்ட மானை அங்கேயே விட்டுவிட்டால் அது அழுகிப் பறவைகள் கொத்தும் என்பதுதான் என்னைக் கொஞ்சம் யோசித்துச் சுட வைத்தது.

கதையும் உலகமும் சண்டையின்றிக் குடித்தனம் நடத்தும் இடம் முகாம். ஒரு மிஷன் முடிந்து திரும்பினால், அதைப் பற்றி யாரோ இருவர் அடுப்படியில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் நின்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பல நாள் வராமல் இருந்தால் எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். கதை போகப்போக இந்த முகாம் ஒவ்வோர் ஆளாகக் காலியாகிறது. சிலர் சாகிறார்கள்; கடைசியில் சமையல்காரர் பியர்சன் போன்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்கள். ஒருநாள் காலையில் வழக்கம்போலக் கஞ்சிக் கொப்பரைப் பக்கம் போய், அங்கே ஒருவரும் இல்லாததைப் பார்த்து, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு, நாம் கைவைக்க முடியாமல் படம்போல ஓடும் எந்த வெட்டுக்காட்சியும் தேவைப்படவில்லை.

இனி அந்த நோய். கூட்டத்தின் வட்டிக் கணக்கைப் பார்க்கும் ஸ்ட்ராஸ், கடன் வசூலிக்க ஆர்தரை அனுப்புகிறார். வேலன்டைன் ஊருக்கு அருகில் சிறு பண்ணை வைத்திருக்கும் தாமஸ் டௌன்ஸ் ஏற்கெனவே இருமிக்கொண்டிருப்பவர். வேலியோரம் வைத்து ஆர்தர் அவரை அடிக்கும்போது இருமல் ரத்தத்தோடு ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. ஆர்தர் துடைத்துக்கொள்கிறார். எனக்கும் அப்போது அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் வேறு ஆயிரம் வேலைகள் இருந்தன. பல பத்து மணி நேரம் கழித்து, செயின்ட் டெனிஸ் தெருவில் ஆர்தர் மயங்கி விழ, மருத்துவர் காசநோய் என்கிறார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882 இல்; அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943 இல். 1899 இல் நிற்கும் ஆர்தருக்கு நோயின் பெயர் மட்டுமே கிடைக்கும். அதன்பின் முகம் வெளுக்கிறது, கண்கள் சிவக்கின்றன, குதிரையில் போகும்போது இருமல் வருகிறது. டௌன்ஸின் விதவையையும் இந்த உலகம் மறந்துவிடவில்லை. பிழைப்புக்காக உடலை விற்கும் பெண்ணாக அவரை ஆர்தர் மீண்டும் எதிர்கொள்ள நேர்கிறது. டௌன்ஸை அடிக்காமல் விட விளையாட்டு நமக்கு வாய்ப்பே தரவில்லை என்பது உண்மை. ஆனால் மிஷன்களின் பிடிவாதம் எனக்கு நியாயமாகப் பட்ட ஒரே இடமும் இதுதான்: செய்தது என் கை, தேர்ந்தெடுத்தது ஆர்தரின் வாழ்க்கை.

மருத்துவர் ஓர் அறிவுரையும் சொல்கிறார்: வெப்பமான, வறண்ட இடத்துக்குப் போய் ஓய்வெடுங்கள். வரைபடத்தைத் திறந்தால் அப்படி ஓர் இடம் இருக்கிறது. தென்மேற்கு மூலையில் நியூ ஆஸ்டின், கள்ளிச்செடியும் செம்பாறையுமாக ஒரு முழுப் பாலைவனம். ஆர்தரோடு அங்கே போக முயன்றேன். பிளாக்வாட்டரைச் சுற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டியதும், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத குண்டு அவரைச் சாய்த்துவிட்டது. மூன்று முறை முயன்றும் அதே கதிதான். தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் இது பின்கதை வரை விளையாடுபவரைத் தள்ளி நிறுத்த எழுப்பிய வெறும் வேலி. ஆனால் அந்த வேலி நிற்பது, நமக்குக் காட்டப்படாத அந்தப் பிளாக்வாட்டர் கொள்ளையின் மேல். உயிர் பிழைக்கப் போக வேண்டிய ஒரே நிலத்துக்கான வழியை, கதை தொடங்குவதற்கு முன்பே அவர்கள் அடைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பின்கதை 1907 இல் நடக்கிறது. இப்போது நம் கையில் இருப்பவர் அதே கூட்டத்தில் இருந்த ஜான் மார்ஸ்டன், எல்லைகள் திறந்துவிட்டன. மலைமேல் மாலைச் சூரியனைப் பார்த்தபடி இருக்கும் ஆர்தரின் கல்லறையிலிருந்து கிளம்பி, ஜானை நியூ ஆஸ்டினுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சுடுவதற்கு யாருமில்லை. அந்தப் பக்கம் மிஷன்கள் அநேகமாக இல்லை. மணிக்கணக்கில் வெயிலும் தூசியும் மட்டும். அங்குள்ள ஆர்மடில்லோ என்ற சிற்றூரில் நுழைந்தபோது, கொள்ளைநோய் பரவி ஊரே படுத்துக் கிடந்தது.