2பி தகடா, பிஏ தகடா? அமிலக் குளியலும் ஹைட்ரஜன் உலையும்

சென்னை சாத்தங்காடு இரும்புச் சந்தையில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட் வாங்கப் போனால் கடைக்காரர் மூன்று கேள்வி கேட்பார்: என்ன கிரேடு (உலோக வகை), என்ன கேஜ் (கனம்), என்ன ஃபினிஷ் (மேற்பரப்பு)? முதல் இரண்டுக்கும் டக்கென்று பதில் சொல்பவர்கூட மூன்றாவதில் "பளபளன்னு இருக்கிறதைக் கொடுங்க" என்று முடித்துக்கொள்வார். அந்தப் பளபளப்புக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, பட்டறையில் அதன்மேல் எமரி பெல்ட்டை ஓட்டிக் கோடு போட்டால் கொடுத்த காசு தூளாகப் போகும்.

கடையில் கிடைக்கும் ஃபினிஷ்களில் மங்கலானது 2பி, பளபளப்பது பிஏ (பிரைட் அனீல்டு). இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சூடாக உருட்டிய சுமார் 3 மி.மீ. கறுப்புக் காயிலை (தகட்டுச் சுருளை) 1050 டிகிரி செல்சியஸுக்கு மேல் அனீல் செய்து, அதாவது சூடாக்கி இளக்கி, எஃகுக் குண்டுகளை அடித்து மேலே படிந்த ஆக்சைடுச் செதிலை உடைத்து, அமிலத்தில் கழுவி வெளுப்பாக்குவார்கள். அடுத்தது குளிர் உருட்டல். சேலம் உருக்காலை 1981-இல் தொடங்கியதே இந்தக் கட்டத்தோடுதான். சூடாக உருட்டும் மில் 1995-இலும், எஃகு உருக்கும் கூடம் 2010-இலும்தான் அங்கே வந்தன. குளிர் உருட்டல் தனித் தொழிலாகவே நிற்கக்கூடியது என்பதற்கு நம் ஊர்ச் சாட்சி அது.

உருட்டுவது சென்ட்சிமிர் மில்லில். மொத்தம் 20 உருளைகள். தகட்டைத் தொடுபவை இரண்டு மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் 4, பிறகு 6, பிறகு 8 என்று அடுக்காக மற்றவை முட்டுக்கொடுத்து நிற்கும். அதிகம் புழங்கும் கிரேடான 304, உருட்ட உருட்ட இறுகும் உலோகம். பெரிய உருளையை வைத்து அழுத்தினால் உருளை தானே தட்டையாகும், தகடு மெலியாது. சின்ன உருளையில் விசை ஒரு கோடுபோலக் குவியும். ஆனால் தனியாக விட்டால் அது வளைந்துவிடும் என்பதால்தான் அத்தனை முட்டு. 3 மி.மீ. 0.8 ஆகும்போது கனத்தில் 73 சதவீதம் போய்விடுகிறது. 304 அதுவரை தாங்கும். 0.4 வேண்டுமென்றால் நடுவில் ஒருமுறை உலைக்குப் போய் இளகி வர வேண்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய ஜே4 போன்ற 200 வகைகள் இதைவிட வேகமாக இறுகும். காந்தம் ஒட்டும் 430 கிரேடு மெதுவாக இறுகும்.

உருட்டி முடித்த தகடு விறைப்பாக, வில்போல இருக்கும். 304-ஆகவே இருந்தாலும் லேசாகக் காந்தம் ஒட்டும், ஏனென்றால் காந்தம் ஒட்டாத ஆஸ்டனைட் என்ற படிக அமைப்பில் ஒரு பகுதி, காந்தம் ஒட்டும் மார்ட்டன்சைட்டாக மாறியிருக்கும். இதை மறுபடி இளக்கியாக வேண்டும். பாதை பிரிவது இங்கேதான்.

2பி: காற்றில் சுட்டு, அமிலத்தில் கழுவுவது

தகடு எரிவாயு உலைக்குள் 1050 முதல் 1120 டிகிரி வரை சூடாகி ஓடுகிறது. உள்ளே ஆக்சிஜன் உண்டு. மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படியும். அதில் குரோமியமே அதிகம். அதனால் ஆக்சைடுக்கு நேர் கீழே உள்ள மெல்லிய அடுக்கில் குரோமியம் குறைந்துபோகும். துருவைத் தடுப்பதே குரோமியம் என்பதால், செதிலோடு அந்த ஏழை அடுக்கையும் கரைத்து எடுக்க வேண்டும். முதலில் சோடியம் சல்ஃபேட் கரைசலில் மின்சாரம் செலுத்தியோ, உருகிய உப்புக் குளியலிலோ செதிலைத் தளர்த்துவார்கள். பிறகு நைட்ரிக், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலக் கலவையில் கழுவுவார்கள்.

கழுவல் குறைந்தால் பார்வைக்குத் தகடு நன்றாகவே இருக்கும். சில மாதத்தில் பழுப்புப் புள்ளி தலைகாட்டும். கூடினால் அமிலம் மணிகளின் (உலோகத்தின் நுண்படிகங்களின்) எல்லைகளில் பள்ளம் தோண்டும், தகடு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுக்கும். அந்தப் பள்ளங்களை எந்த பஃபிங்கும் (துணிச் சக்கர மெருகும்) எளிதில் எடுக்காது. நைட்ரஜன் ஆக்சைடு புகையைப் பிடிப்பதும், கழிவிலுள்ள ஃப்ளூரைடைச் சுண்ணாம்பு போட்டுப் படியவைப்பதும் ஆலைக்குத் தனிச் செலவு.

அமிலத்திலிருந்து வெளிவந்த மங்கல் தகடுதான் 2டி ஃபினிஷ். அதை மெருகேற்றிய உருளைகளுக்கு நடுவே அரை முதல் ஒரு சதவீதம் மட்டும் நீளும்படி ஓட்டினால் 2பி. பால் படர்ந்த கண்ணாடிபோல ஒரு சாம்பல் மினுக்கம்.

பிஏ: ஆக்சைடே வராமல் பார்த்துக்கொள்வது

இங்கே அமிலமே கிடையாது. முத்திரையிட்ட உலைக்குள் தூய ஹைட்ரஜன், அல்லது அம்மோனியாவை உடைத்துப் பெறும் 75 சதவீத ஹைட்ரஜன், 25 சதவீத நைட்ரஜன் கலவை. வெப்பநிலை கிட்டத்தட்ட அதேதான். வாயுவின் பனிநிலையை (அதிலுள்ள ஈரம் பனியாகும் வெப்பநிலையை) மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே வைத்திருப்பதில்தான் வேலையே இருக்கிறது. அவ்வளவு சூட்டில் துளி ஈரம் இருந்தாலும் குரோமியம் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். தகடு வைக்கோல் நிறமோ நீலமோ ஏறி வெளிவரும். உலையை நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் முதலில் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஹைட்ரஜனும் காற்றும் கலந்தால் வெடிதான்.

பெரும்பாலும் உலை செங்குத்தாக நிற்கும். சூடான, இளகிய தகடு உருளை எதையும் தொடாமல் கிணற்று வாளிபோலத் தொங்கி இறங்கினால்தான் கீறல் விழாது. உள்ளே போகும் முன் உருட்டல் எண்ணெயைச் சூடான காரக் கரைசலில் தேய்த்துக் கழுவியாக வேண்டும். மிச்சம் இருந்தால் கருகிக் கறையாகும். கறையை எடுக்கப் பின்னால் அமிலம் இல்லை. உருளையில் இருந்த கோடு, எண்ணெயில் மிதந்த தூசி அழுத்திய குழி எல்லாம் அப்படியே தெரியும். 2பி-யில் சின்னக் குற்றங்களை அமிலமும் மங்கலும் ஓரளவு மறைத்துவிடும், பிஏ எதையும் மறைக்காது. ஆகவே பிஏ-க்குப் போகும் காயிலுக்குத் தொடக்கத்திலிருந்தே நல்ல மூலமும், கடைசி ஓட்டத்தில் நேர்த்தியாகக் கடைந்த உருளையும் வேண்டும். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குத்தான், ஹைட்ரஜனுக்கு இல்லை. கனத் தகட்டை வாயுவால் வேகமாகக் குளிரவைப்பது கடினம் என்பதால் பிஏ பெரும்பாலும் மெல்லிய தகடுகளிலேயே கிடைக்கும்.

பட்டறையில் எது உதவும்

எவர்சில்வர் பாத்திரம் செய்பவருக்கு பஃபிங் கூலிதான் பெரிய தலைவலி. ஆழம் குறைந்த தட்டு, மூடி, தாம்பாளம் என்றால் பிஏ எடுப்பது லாபம், பாதி மெருகு கையிலேயே வந்துவிடுகிறது. குடம், ஆழமான டப்பா என்றால் யோசிக்க வேண்டும். தகட்டை அச்சில் ஆழமாக இழுக்கும்போது (டிராயிங்) 2பி-யின் நுண்ணிய மேடுபள்ளம் எண்ணெயைப் பிடித்துவைக்கும். பிஏ வழவழப்பில் எண்ணெய் வழுக்கி ஓடி, தகடு டையோடு (அச்சோடு) உரசிக் கீறும். எப்படியும் இழுபட்டு நீண்ட பரப்பு மெருகை இழக்கும். அனீலில் அதிக நேரம் நின்று மணி பருத்திருந்தால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். இது ஃபினிஷ் எதுவானாலும் வரும் குற்றம். ஜே4-ஐ ஆழமாக இழுத்தால் இன்னொரு வில்லங்கம்: அச்சிலிருந்து எடுக்கும்போது முழுசாக இருந்த பாத்திரம் நாலு நாள் கழித்து விளிம்பில் தானே வெடிக்கும்.

ஹோட்டல் சமையலறை மேடை, சிங்க், டேங்க் ஆகியவற்றுக்கு 2பி போதும், பிஏ வீண். வெல்டிங் போட்ட இடத்தைக் கிரைண்டர் தொட்ட பிறகு பிஏ-யின் மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. 2பி-யில் 150, 180 நம்பர் பெல்ட் ஓட்டி எல்லாப் பரப்பையும் ஒரே கோடாக்கிவிடலாம்.

ராயபுரம், பெசன்ட் நகர், ஈசிஆர் ஓரக் கட்டடங்களுக்குக் கணக்கு வேறு. உப்புக் காற்றில் 304-இன் மேல் தேநீர் சிந்தியதுபோலக் கறை படியும். கரடான கோட்டு பாலிஷ் உப்பைப் பிடித்துவைத்து அதை விரைவுபடுத்தும். வழவழப்பான பிஏ-யில் மழையே கொஞ்சம் கழுவிவிடும். ஆனால் கடலுக்கு நேர் எதிரே ஃபினிஷை மாற்றிப் பார்ப்பதைவிட 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316-க்குப் போவதுதான் சரி.

வாங்கும்போது காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். 430-ஐ அது காட்டிக்கொடுக்கும், ஜே4-ஐக் காட்டிக்கொடுக்காது. மாங்கனீஸ் சோதனைச் சொட்டு மருந்து ஒரு நிமிட வேலை. எடையும் போட்டுப் பாருங்கள்: 8க்கு 4 அடி, 1 மி.மீ. 304 ஷீட் 23.6 கிலோ இருக்க வேண்டும். 20 கேஜ் என்பது 0.914 மி.மீ.தான். அதை 1 மி.மீ. விலைக்கு வாங்கினால் ஷீட்டுக்கு இரண்டு கிலோ போச்சு.

பிஏ ஷீட்டைப் பிவிசி படலம் ஒட்டித்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்தப் படலத்தோடு மொட்டைமாடியில் ஏப்ரல், மே வெயிலில் போட்டுவைத்தால் பசை வெந்து தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கரைப்பானும் துணியுமாக உட்கார வேண்டியதுதான். 2பி-க்கு அந்தத் தொல்லை இல்லை. அதை மழைக்காலத்தில் ஈரக் காகிதத்தோடு அடுக்கிவைக்காமலும், இரும்புச் சங்கிலியில் கட்டித் தூக்காமலும் இருந்தால் போதும். சங்கிலி விட்டுப்போன இரும்புத் துகள் துருத்துவிட்டால் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) தடவிக் கழுவிவிடலாம். அதே பேஸ்டை பிஏ-யில் தடவினால் அந்த இடம் மட்டும் மங்கிப்போகும்.