சாம்பிராணிக்குச் சிவக்கும் பெட்டி

2022 டிசம்பர் 9ஆம் திகதி, காற்று மாசு என்று பாடசாலைகளை மூடினார்களே, அன்று எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில் நின்றால் கடல் தெரியவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று இந்தியப் பக்கமிருந்து வாரிக்கொண்டு வந்த மாசு. முதல்நாள் இரவு முழுவதும் மகனுக்குத் தொய்வு. விடிந்ததும் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கப் போய்விட்டேன்.

உள்ளே இருப்பது ஹெப்பா வடிகட்டி. 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வகை. கதவைச் சாத்திய படுக்கையறையில் அரை மணி நேரத்தில் பெட்டி காட்டும் நுண்துகள் எண் 10க்குக் கீழே இறங்குகிறது. நுண்துகள் ஒரு நாளில் சராசரி கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மகனின் இரவு இருமல் குறைந்தது உண்மை. ஆனால் தொய்வுக்கு வாயில் இழுக்கும் மருந்துப் பம்பை நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று வைத்தியரும் சொல்லவில்லை. காலி வீதி பஸ் புகையின் நாற்றம் அப்படியே வருகிறது. வாயுவைப் பிடிக்க இதிலுள்ள மெல்லிய கரித்தட்டு போதாது.

நான் எதிர்பாராதது வேறு. மாசு கூடினால் சிவக்கும் விளக்கு ஒன்று பெட்டியில் உண்டு. வீதி நெரிசலுக்குச் சிவக்காத அது, செத்தல் மிளகாய் தாளித்தால் சிவக்கிறது. நுளம்புச் சுருளுக்குச் சிவக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கோ எண் 300ஐத் தாண்டி, பெட்டி பஸ் மாதிரி இரைகிறது. "பிள்ளை, உம்முடைய பெட்டிக்கு முருகனைப் பிடிக்காது போலிருக்கிறது" என்றார் மாமி. நுளம்புச் சுருளை அன்றே நிறுத்தி வலை கட்டினேன். சாம்பிராணி விடயத்தில் வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குறை என்றால் வடிகட்டிதான். எப்போதும் கையிருப்பில் உண்டு என்ற கடைக்காரர், எட்டாம் மாதம் கேட்டபோது அடுத்த கப்பலில் வரும் என்றார். ஐந்து வாரம் காத்திருந்தேன். கழற்றிப் பார்த்தால், வெள்ளையாக வந்தது அம்மிக்கல் நிறத்தில் இருந்தது. முன்வலையில் தலையணைப் பஞ்சும் ஒரு நுளம்புச் சிறகும். புதியதன் விலை அப்போது 14,000 ரூபாய். வாங்குபவர்கள் மாற்று வடிகட்டியையும் கையோடு வாங்குங்கள். படுக்கையறைக்கு நல்ல பொருள். திறந்த விறாந்தைக்கு வீண் செலவு.

மாமி இப்போது தானாகவே தூபக்காலைப் பல்கனியில் வைக்கிறார். கடற்காற்று அடிக்கும்போது புகை நேரே உள்ளேதான் வருகிறது.